பத்தொன்பதாம் நாளின் குருதிக்கசிவு: சதையித் தலைச் சத்திரசிகிச்சைக்குப் பின் வன்னிக்குத் திரும்பிய ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியின் நடுப்பகுதியில், ஒரு குளத்தின் கீழ் அமைந்த குடியேற்றக் கிராமத்தைச் சேர்ந்த 58 வயது நெல் விவசாயி ஒருவரின் நோய் வரலாறு. அவருடைய சம்மதத்தோடும் மகளின் சம்மதத்தோடும் எழுதப்படுகிறது. ஆளை இனங்காட்டக்கூடிய சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. அவரை அனுமதித்த ஆதார வைத்தியசாலையின் வைத்திய அதிகாரிகளுள் நானும் ஒருவன். பித்தக்கான் வாயில் வந்த புற்றுநோய்க்காகச் சதையியின் (தமிழகத்தில் கணையம் என்பார்கள்) தலையை அகற்றும் சத்திரசிகிச்சை நடந்ததோ ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தெற்கே. ஆகவே சத்திரசிகிச்சைக் கூடத்தினுள் நடந்தவற்றை நான் குறிப்புகளிலிருந்தே அறிவேன். நோயாளியை அனுப்பியதும், அவர் திரும்பி வந்த பின் நடந்ததும் நேரில் கண்டவை.

அவருக்கு ஆறு வருடங்களாக நீரிழிவு உண்டு. மெற்போமின் குளிசை தவிர வேறு மருந்து இல்லை. 2009இல் பட்ட எறிகணை (செல்) துண்டொன்று முள்ளந்தண்டுக்கு இடப்புறமாக இன்னமும் உடலில் இருந்தது. இந்தத் துண்டு பின்னர் ஒரு பரிசோதனையையே மாற்றியது என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

முதல் ஐந்து வாரங்கள்

புரட்டாதிக் கடைசியில், காலபோக விதைப்புக்காக வயல் உழுதுகொண்டிருந்த நாட்களில், சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போவதை அவர் கவனித்தார். சில நாட்களில் கண் மஞ்சளானது. இரவில் உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் கடித்தது (அரித்தது). மலம் காய்ந்த களிமண்ணைப் போல வெளிறியது. காய்ச்சலோ வயிற்றுவலியோ இல்லை. செங்கண்மாரி (மஞ்சட்காமாலை) என்றால் எங்கள் ஊர்களில் முதலில் போகும் இடம் வைத்தியசாலை அல்ல. அவரும் வழக்கப்படியே நாட்டு வைத்தியர் ஒருவரிடம் சென்று, கீழ்க்காய்நெல்லியை அரைத்து மோரில் குடித்து, எண்ணெயும் மீனும் விலக்கிப் பத்தியம் இருந்தார்.

பத்து நாட்களில் கண் வெளுத்தது. இதைக் கேட்டதும் எமது விடுதியில் இருந்த இளம் வைத்தியர் ஒருவர் சிரித்துவிட்டார். ஆனால் நோயாளி சொன்னது உண்மை. பித்தக்கான் முன்சிறுகுடலில் திறக்கும் வாயில் உண்டாகும் புற்றுக்கட்டியின் நுனி அழுகி உதிரும்போது, அடைபட்ட பித்தம் சிறிது காலம் மீண்டும் வடியும், மஞ்சள் குறையும், கட்டி வளர்ந்ததும் திரும்ப ஏறும். சதையித் தலையில் உண்டாகும் புற்றுநோயில் மஞ்சள் பெரும்பாலும் குறையாமல் ஏறிக்கொண்டே போகும், இந்த வகையில்தான் இப்படி ஏறி இறங்கும். குடித்த மருந்தும் இறங்கிய மஞ்சளும் ஒரே வாரத்தில் நிகழ்ந்ததால் குடும்பம் மருந்தை நம்பியது. அவர்களுடைய இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருப்பேன்.

மூன்றாம் வாரம் மஞ்சள் மீண்டும் ஏறியபோது அவர் ஒரு வெளிநோயாளர் பிரிவுக்குச் சென்றார். மழைக்காலம், சேற்று வயலில் வேலை செய்பவர், கண்ணில் மஞ்சள். எலிக்காய்ச்சல் என்று ஐயுற்று டொக்சிசைக்கிளின் கொடுக்கப்பட்டது. வன்னியில் ஐப்பசியில் இந்த ஐயம் தவறானதல்ல, எலிக்காய்ச்சலைத் தவறவிட்டால் ஆள் நாட்களில் இறந்துபோகலாம். ஆனால் மலத்தின் நிறத்தையும் உடற்கடியையும் பற்றி யாரும் கேட்கவில்லை; கேட்டிருந்தால் அடைப்பினால் வந்த மஞ்சள் என்பது அன்றே தெரிந்திருக்கும். மேலும் ஒரு கிழமை இதில் போனது.

விடுதியில் கண்டவை

எம்மிடம் வரும்போது நிறை 61 கிலோவிலிருந்து 54 கிலோவாகக் குறைந்திருந்தது. வலப்பக்க விலாவின் கீழ், வலியில்லாத, வழுவழுப்பான, கோழிமுட்டை அளவான வீக்கம் ஒன்று மூச்சோடு சேர்ந்து அசைந்தது. மஞ்சளோடு வலியற்றுப் புடைத்த பித்தப்பையைக் கண்டால் கல் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு என்று சுவிற்சர்லாந்துச் சத்திரசிகிச்சை நிபுணர் கூர்வொசியே 1890இல் எழுதினார். ஸ்கான் இயந்திரம் பழுதாகிக் கிடக்கும் நாட்களில் எமக்குக் கைகொடுப்பது இந்தப் பழைய அறிகுறிதான்.

மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிருபின் லீற்றருக்கு 286 மைக்ரோமோல். பித்த அடைப்பில் ஏறும் நொதியமான அல்கலைன் பொஸ்பற்றேஸ் மேலெல்லையின் ஐந்து மடங்கு. குருதி உறைதலைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.8. பித்தம் குடலை அடையாவிட்டால் கொழுப்பில் கரையும் விற்றமின் கே உறிஞ்சப்படாது; அதனால் உறைதல் பிந்தும். ஊசி மூலம் விற்றமின் கே கொடுக்க மூன்று நாட்களில் ஐ.என்.ஆர். 1.2க்கு வந்தது. ஈரல் கெட்டுப்போகவில்லை என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம். அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் பித்தக்கான் 16 மில்லிமீற்றர் விரிந்திருந்தது, கல் இல்லை, கீழ்முனையைக் குடற்காற்று மறைத்தது.

அடுத்தபடியாக எம்.ஆர்.ஐ. மூலம் பித்தக்கான்களைப் படமெடுக்கக் கோரிக்கைப் படிவம் நிரப்பப்பட்டது. உடலில் உலோகம் உண்டா என்ற கேள்விக்கு முதலில் 'இல்லை' என்றே அவர் பதில் சொல்லியிருந்தார். சட்டையைக் கழற்றி முதுகைப் பார்த்தபோது தழும்பு தெரிந்தது. கேட்டபோது, "அது பீஸ் ஒண்டு, டொக்டர். எடுக்கேலாதெண்டு அப்பவே சொன்னவங்கள், அது பாட்டுக்குக் கிடக்குது" என்றார். பதினைந்து வருடம் உடலோடு கிடந்த துண்டை அவர் உலோகக் கணக்கில் சேர்க்கவே இல்லை. எக்ஸ்கதிர்ப் படத்தில் அது முள்ளந்தண்டை ஒட்டி, புளியங்கொட்டை அளவில் வெள்ளையாகத் தெரிந்தது. காந்தப்புலத்தில் இரும்புத் துண்டு அசையவும் சூடேறவும் கூடும் என்பதால் எம்.ஆர்.ஐ. கைவிடப்பட்டு, சாயமேற்றிய சி.டி. ஸ்கான் எடுக்கப்பட்டது. அன்று முதல் எமது விடுதியில் அந்தக் கேள்வி வேறு சொற்களில் கேட்கப்படுகிறது: "உடம்பிலை பீஸ் ஏதும் இருக்கோ?"

சி.டி.யில் பித்தக்கான் மட்டும் விரிந்திருந்தது. சதையிக் கான் விரியவில்லை. ஈரலில் படர்வு இல்லை. சதையியை ஒட்டிச் செல்லும் பெரிய நாடியும் (தமனி) நாளமும் (சிரை) தெளிவாக இருந்தன. வெட்டி அகற்றக்கூடிய நிலை.

வடித்த பின் வெட்டுவதா, நேரே வெட்டுவதா

மஞ்சளை இறக்கிவிட்டுத்தான் வெட்ட வேண்டும் என்பது நெடுங்காலமாக நிலவிய எண்ணம். நெதர்லாந்தில் சதையித் தலைப் புற்றுநோயாளர் 202 பேரில் நடத்தப்பட்டு 2010இல் வெளியான பரிசோதனை அதைப் புரட்டியது. முதலில் குழாய் வைத்துப் பித்தத்தை வடித்தவர்களில் 74 சதவீதத்தினருக்கும், ஒரு கிழமைக்குள் நேரே வெட்டப்பட்டவர்களில் 39 சதவீதத்தினருக்கும் கடுமையான சிக்கல்கள் ஏற்பட்டன. தெற்கிலுள்ள சத்திரசிகிச்சை அணியுடன் பேசியபோது அவர்களும் இதையே சொல்லி, முடிந்தால் குழாய் வேண்டாம் என்றனர்.

முடியவில்லை. அந்தப் பரிசோதனையில் சேர்க்கப்பட்டவர்களின் பிலிருபின் 40 முதல் 250 வரை. இவருடையது அதற்கு மேல். ஒரு கிழமைக்குள் சத்திரசிகிச்சைத் திகதியும் கிடைக்கவில்லை. இந்த இரண்டையும் வைத்து நாங்கள் இன்னும் தயங்கிக்கொண்டிருந்தபோது, அனுமதித்த நான்காம் நாள் இரவு நடுக்கத்துடன் 39.2 பாகை காய்ச்சல் வந்தது. பித்தக்கான் அழற்சி தொடங்கிவிட்டால் வடிக்காமல் இருப்பதற்கு நியாயம் இல்லை. அவரைத் தெற்கே அனுப்பி, வாய்வழிக் கமெரா மூலம் பித்தக்கான் வாயில் பிளாஸ்டிக் குழாய் வைக்கப்பட்டது. அப்போதே கட்டி கண்ணுக்குத் தெரிந்தது. எடுத்த துணுக்கில் புற்றுநோய் உறுதியானது.

அதன் பின் ஆறு வாரங்கள் மஞ்சள் இறங்கக் காத்திருந்தோம். முட்டை, பருப்பு, மீன் என்று பத்தியத்தை முறித்துச் சாப்பிடவைப்பதற்கே பெரும்பாடு பட வேண்டியிருந்தது. குளக்கட்டில் காலை மாலை நடக்கச் சொன்னோம். நிறை 57 கிலோவுக்கு ஏறியது.

எங்கே வெட்டுவது என்பதில் குடும்பத்தில் கருத்து வேறுபாடு இருந்தது. கிட்டவுள்ள வைத்தியசாலையில் செய்தால் பார்க்கப் போகலாம், சோறு கொண்டுபோகலாம் என்றார் மனைவி. இந்தச் சத்திரசிகிச்சையில் இடம்தான் முதல் மருந்து என்பதை அவருக்கு விளக்க வேண்டியிருந்தது: அமெரிக்காவில் 2002இல் வெளியான ஓர் ஆய்வில், சதையியை வெட்டும் சத்திரசிகிச்சை மிக அரிதாக நடக்கும் வைத்தியசாலைகளில் 16.3 சதவீதத்தினரும், மிக அதிகமாக நடக்கும் வைத்தியசாலைகளில் 3.8 சதவீதத்தினரும் இறந்தனர். வெளிநாட்டிலிருந்த மகன் தொலைபேசியில் "கமெரா ஒப்பரேசன்" செய்யுமாறு வற்புறுத்தினார். சிறு துளைகள் வழியாகச் செய்யும் அந்த முறையை நெதர்லாந்தில் பயிற்சி பெற்ற நிலையங்களிலேயே ஒப்பிட்டுப் பார்த்தபோது, சிக்கல்களால் 90 நாட்களுக்குள் 50 பேரில் 5 பேரும், திறந்து வெட்டியவர்களில் 49 பேரில் ஒருவரும் இறந்ததால் அந்தப் பரிசோதனையே இடையில் நிறுத்தப்பட்டது என்று சொன்னபோது அவர் ஏற்றுக்கொண்டார்.

சத்திரசிகிச்சையும் முதல் 14 நாட்களும்

டிசெம்பர்க் கடைசியில் விப்பிள் சத்திரசிகிச்சை நடந்தது. சதையித் தலை, முன்சிறுகுடல், பித்தக்கானின் கீழ்ப்பகுதி, பித்தப்பை ஆகியவை ஒன்றாக அகற்றப்பட்டு, எஞ்சிய சதையியும் பித்தக்கானும் இரைப்பையும் சிறுகுடலோடு இணைக்கப்பட்டன. குழாய் வைத்த பித்தத்தில் கிருமி இருக்கும் என்பதால் பைப்பரசிலின்-ரசோபக்ரம் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கப்பட்டது. 2023இல் வெளியான வட அமெரிக்கப் பரிசோதனையில் இந்த மருந்து வெட்டுக்காய இடத் தொற்றை 32.8 சதவீதத்திலிருந்து 19.8 சதவீதமாகக் குறைத்திருந்தது. சத்திரசிகிச்சைக் குறிப்பில் ஒரு வரி முக்கியமானது: எஞ்சிய சதையி மென்மையானது, கான் 2 மில்லிமீற்றர். நீண்டகாலம் அடைபட்டு இறுகிய சதையியில் தையல் நிற்கும். மெத்தென்ற சதையியில் தையல் அறுத்துக்கொண்டு போகும். புற்றுநோயைப் பொறுத்தவரை இவருடையது நல்ல வகை, தையலைப் பொறுத்தவரை கெட்ட வகை.

மூன்றாம் நாள் வடிகுழாய்த் திரவத்தில், சதையி சுரக்கும் நொதியமான அமிலேஸ் 4,100 அலகு. குருதியின் மேலெல்லையைவிட மூன்று மடங்குக்கு மேற்பட்டால் சதையிச் சாற்றின் கசிவு என்பது சர்வதேச வரைவிலக்கணம். ஆனால் காய்ச்சல் இல்லை, வெண்குருதிக் கலங்கள் ஏறவில்லை, சாப்பாடு இறங்கியது. ஒரு வடிகுழாய் விடப்பட்டது. நாளொன்றுக்கு 40 மில்லிலீற்றர் அளவில் சாம்பல் நிறத்தில் வடிந்தது. பதினான்காம் நாள், தைப்பொங்கலுக்கு முதல் நாள், வடிகுழாயுடன் அவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பொங்கலுக்கு வீட்டில் நிற்க வேண்டும் என்று அவரே கேட்டார். மகளும் நகரில் தங்குவதற்கு இடமில்லாமல் உறவினர் ஒருவரின் ஒற்றை அறையில் இரண்டு கிழமை கழித்திருந்தார். மருத்துவ நிலையைப் பார்த்தால் அந்த முடிவில் பிழை சொல்ல முடியாது. வீட்டுக்கு விடும்போது கொடுக்கும் நோய்நிர்ணய அட்டை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. வடிகுழாயில் மாட்டிய பையைத் தினமும் அளக்குமாறு சொல்லியிருந்தார்கள். பையின் நிறம் மாறினால் என்ன செய்வதென்று அதில் ஒன்றுமில்லை.

பத்தொன்பதாம் நாள்

மாலை நான்கு மணியளவில் மகள் பையை வெறுமையாக்கப் போனபோது அதில் சிவந்த திரவம் இருந்தது. "பீற்றூட் அவிச்ச தண்ணி மாதிரி, டொக்டர். கொஞ்சந்தான், பிறகு தானா நிண்டிட்டுது" என்று சொன்னார். அளவுக் கோப்பையில் 30 மில்லிலீற்றர் என்று பார்த்து, கொப்பியில் எழுதி, அதை ஊற்றிவிடாமல் யோகட் கப் ஒன்றில் மூடிக் கொண்டுவந்திருந்தார். அந்தக் கப்தான் அன்று எம்மிடமிருந்த சிறந்த சான்று. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸில் ஆறு மணி தாண்டி வந்து சேர்ந்தனர்.

நாடித்துடிப்பு 92, குருதியமுக்கம் 118/70, ஹீமோகுளோபின் 10.1, வீட்டுக்கு விடும்போது 10.8. வயிறு மெதுமை. பையில் மீண்டும் சாம்பல் நிறம். நோயாளி பசிக்கிறது என்றார். இரவுக் கடமையில் இருந்தவன் நான். குழாய் உரசியதால் வந்த சிறு கசிவு என்று எழுதி, காலைவரை அவதானிக்கும்படி தாதிய உத்தியோகத்தருக்குப் பணித்தேன்.

அது தவறு. இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பின், குறிப்பாகச் சதையிக் கசிவு உள்ளவரில், சில நாட்கள் கழித்துத் தானாக நிற்கும் சிறு குருதிக்கசிவை எச்சரிக்கைக் கசிவாகவே கொள்ள வேண்டும். கசியும் சதையிச் சாறு, கட்டிவிடப்பட்ட நாடியின் முனையை அரித்துப் போலி நாடிப்புடைப்பை (அரிக்கப்பட்ட நாடிக்கு வெளியே குருதி தேங்கும் பை) உண்டாக்கும், முதலில் சிறிது கசியும், உறைந்து நிற்கும், சில மணித்தியாலங்களிலோ சில நாட்களிலோ வெடிக்கும். இடையில் நோயாளி சுகமாகத்தான் இருப்பார். நான் பார்த்தது அந்த இடைவேளையை. இதைப் படித்திருந்தேன், ஆனால் எண்கள் நன்றாக இருந்ததால் நினைவுக்கு வரவில்லை.

ஒன்பது மணிக்கு விடுதியைச் சுற்றிவந்தபோது தாதிய உத்தியோகத்தர், அந்த யோகட் கப்பை எறியலாமா என்று கேட்டார். மூடியைத் திறந்து பார்த்தேன்: அடியில் கறுத்த கட்டிகள் உறைந்திருந்தன. உரசலில் வரும் நீர்த்த சிவப்பு இப்படி உறையாது என்று தோன்றியது. சத்திரசிகிச்சை அணியை அழைக்க முனைந்தால் அட்டையில் இலக்கம் இல்லை. வைத்தியசாலையின் பொது இணைப்பு வழியாக, விடுதி விடுதியாக மாறி, கடமையிலிருந்த பயிற்சிச் சத்திரசிகிச்சை வைத்தியரைப் பிடிக்க 9.40 ஆனது. அவர் இரண்டே கேள்விகள் கேட்டார்: எத்தனையாம் நாள், சதையிக் கசிவு இருந்ததா. பதிலைக் கேட்டதும், "இப்போதே அனுப்புங்கள், வயிற்றைத் திறக்க வேண்டாம்" என்றார்.

பயணம்

எமது வைத்தியசாலையிலேயே வயிற்றைத் திறந்து பார்க்கலாமே என்று ஒரு பேச்சு எழுந்தது. இரண்டு வாரத்தில் ஒட்டிப்பிடித்த வயிற்றுக்குள் அரிக்கப்பட்ட நாடியைத் தேடுவது அனுபவமுள்ள கைக்கே கடினம். நாடிவழியாகக் குழாய் செலுத்தி உள்ளிருந்தே அடைப்பதுதான் இன்று முதற்தெரிவு. அந்த வசதி 300 கிலோமீற்றர் தொலைவில் இருந்தது. வழியில் வெடித்தால் என்ன செய்வது என்பதை முதலில் தீர்மானித்தோம்: இரண்டு பெரிய ஊசிக்குழாய்கள், குளிர்பெட்டியில் நான்கு பொதி குருதி, கூடவே ஒரு வைத்தியர், வழியில் நிறுத்தக்கூடிய வைத்தியசாலைகளுக்கு முன்கூட்டியே அழைப்பு. 11.15க்கு வண்டி ஏ9 வீதியில் ஏறியது. நான்தான் கூடச் சென்றேன்.

வவுனியா கடந்து, மதவாச்சியும் கடந்த பின், ஒரு மணியளவில் பை திடீரெனப் பாரமாகித் தொங்கியது. கைவிளக்கில் பார்த்தால் முழுச் சிவப்பு, 400 மில்லிலீற்றர். குருதியமுக்கம் 80/50. முதலாவது பொதியைக் கையால் பிழிந்து ஏற்றினேன். வழியிலிருந்த வைத்தியசாலை வாசலில் ஆயத்தமாக நின்றார்கள். 40 நிமிடத்தில் இரண்டாவது பொதியும் ஏறி, அமுக்கம் 100ஐத் தொட்டதும் மீண்டும் புறப்பட்டோம். "தம்பி, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று மட்டும் அவர் அடிக்கடி கேட்டார். வந்ததிலிருந்து டொக்டர் என்று சொன்னவர், அந்த வழியில்தான் தம்பி என்று அழைக்கத் தொடங்கினார்.

5.20க்குச் சேர்ந்தோம். சாயமேற்றிய நாடி ஸ்கானில், ஈரல் நாடியிலிருந்து பிரிந்து இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் செல்லும் நாடியின் கட்டப்பட்ட முனையில், 14 மில்லிமீற்றர் போலிப்புடைப்பு இருந்தது. குடலிலிருந்து ஈரலுக்குக் குருதி கொண்டுசெல்லும் ஈரல் வாயினாளத்தில் ஓட்டம் நன்றாக இருப்பதை உறுதிசெய்த பின், தொடைநாடி வழியாகச் சென்று சுருள்கம்பிகளால் அதை அடைத்தார்கள். ஈரலுக்குச் செல்லும் பிரதான நாடி காப்பாற்றப்பட்டது. காலை எட்டு மணிக்கு அவர் தேநீர் கேட்டதாக மகள் எனக்கு அறிவித்தார்.

அதன் பின்

மீண்டும் குருதி கசியவில்லை. வடிகுழாய் 41ஆம் நாள் அகற்றப்பட்டது. திசு அறிக்கையில் ஓரங்கள் சுத்தமாகவும், பரிசோதித்த 14 நிணநீர்க் கணுக்களும் புற்றற்றும் இருந்தன. பின்தொடரும் மருந்துச்சிகிச்சை பற்றிப் பேசப்பட்டது. சதையியைச் சூழ்ந்த இவ்வகைப் புற்றுநோய்களில் 2012இல் வெளியான பெரும் ஆய்வில், மருந்து பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 43.1 மாதமும் பெறாதவர்களுடையது 35.2 மாதமும் ஆகும். நேரடி ஒப்பீட்டில் அந்த வேறுபாடு உறுதியாகவில்லை. கணுக்கள் சுத்தமாக இருந்ததாலும் உடல் நலிந்திருந்ததாலும் அவர் வேண்டாமென்றார்.

மூன்று மாதம் கழித்து கிளினிக்கில் பார்த்தபோது நிறை மீண்டும் 52. மலம் எண்ணெயாக மிதக்கிறது என்று மகள் சொன்னார். சதையி நொதிய வில்லைகளைச் சாப்பாடு முடிந்த பின் ஒன்றாக விழுங்கிக்கொண்டிருந்தார். முதற் கவளத்தோடும் இடையிலும் எடுக்குமாறு சொன்ன பின் நிறை ஏறியது. பதினான்கு மாதங்களில் 58 கிலோ. ஸ்கானில் மீள்தோற்றம் இல்லை. நீரிழிவுக்கு இப்போது இன்சுலின்.

எவற்றை மாற்றினோம்

சிக்கல் வருவதும் அதனால் இறப்பதும் வெவ்வேறு விடயங்கள். 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இறப்பு மிகக் குறைந்த வைத்தியசாலைகளிலும் மிகக் கூடிய வைத்தியசாலைகளிலும் சிக்கல்கள் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் வந்தன. பெரிய சிக்கல் வந்தவர்களில் இறந்தவர்களோ முன்னதில் 12.5 சதவீதம், பின்னதில் 21.4 சதவீதம். நெதர்லாந்தில் சதையிச் சத்திரசிகிச்சை செய்யும் 17 நிலையங்களும் 2018, 2019இல் ஒரு நடைமுறையைப் படிப்படியாகக் கையாண்டன. மூன்றாம் நாள் முதல் பதினான்காம் நாள்வரை ஒவ்வொரு நாளும் சில அறிகுறிகளையும் குருதிப் பரிசோதனைகளையும் பார்த்து, எப்போது ஸ்கான், எப்போது வடிப்பு என்று எழுதிவைத்த விதிப்படி நடந்தன. கடும் குருதிக்கசிவு, உறுப்புச் செயலிழப்பு, இறப்பு ஆகியவற்றின் கூட்டு 14 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகவும், இறப்பு மட்டும் 5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகவும் குறைந்தன.

அந்த விதி பதினான்காம் நாளோடு முடிகிறது. எமது நோயாளி பதினான்காம் நாளில்தான் பேருந்தேறினார். நெதர்லாந்து போன்ற சிறிய நாடொன்றில் அதனால் பெரிய கேடில்லை. வன்னியில் பதினைந்தாம் நாளிலிருந்து கவனிப்பு முழுவதும் மகளின் கண்ணிலும் ஒரு கொப்பியிலும்தான் தங்கியிருந்தது.

சத்திரசிகிச்சை அணியுடன் பேசி இரண்டு மாற்றங்களைச் செய்திருக்கிறோம். வடிகுழாயுடன் வடக்கே திரும்பும் ஒவ்வொருவரின் அட்டையிலும் சிவப்புக் கரையிட்ட அரைத்தாள் ஒன்று ஒட்டப்படுகிறது. அதில் தமிழில், பை சிவந்தால் அளவு எவ்வளவாயினும், நின்றாலும், உடனே வர வேண்டும் என்றும், வந்ததை ஊற்றாமல் கொண்டுவர வேண்டும் என்றும் எழுதி, நேரடித் தொலைபேசி இலக்கமும் உள்ளது. அதே தாளின் பின்புறத்தில், முதலில் பார்க்கும் வைத்தியருக்கு: குருதியமுக்கமும் ஹீமோகுளோபினும் நன்றாக இருப்பதைக் கொண்டு தாமதிக்க வேண்டாம், நாள் எண்ணையும் சதையிக் கசிவையும் கேட்டுவிட்டு உடனே அழைக்கவும். அந்த வரியை எழுதியவன் நான்.

மூன்றாவதாக நாங்கள் கேட்டது, கசிவு உள்ளவரும் துணைக்கு ஒருவரும் நான்கு கிழமைகள் சத்திரசிகிச்சை நிலையத்துக்கு அருகில் தங்க ஓர் இடம். அது இன்னும் கிடைக்கவில்லை. கடந்த மாசியில் இதே சத்திரசிகிச்சைக்குப் போன இன்னொருவரின் மனைவி, விடுதிக்கு வெளியே வாங்கில் பதினொரு இரவுகள் படுத்துவிட்டு, பன்னிரண்டாம் நாள் தானே கையெழுத்திட்டுக் கணவரை அழைத்து வந்துவிட்டார். அந்தக் கணவரிடமும் வடிகுழாய் இருந்தது. அட்டையில் சிவப்புத் தாளும் இருந்தது. அவருக்குக் குருதி கசியவில்லை.